கைதட்டலுக்குக் கட்டியங்காரன் இல்லை

என் தம்பிக்கு இப்போது 27 வயது. ஆறடிக்கு ஓரங்குலம்தான் குறைவு; தாடியும் வைத்திருக்கிறான். உயரத்தையும் தாடியையும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள ஒரு சிறுவன் அரங்கில் காதைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். தாடி வைத்த ஆண்மகன் அதையே செய்தால் பயப்படுகிறார்கள், அல்லது எரிச்சலடைகிறார்கள். நான் இங்கே எழுதுவது வளர்ந்துவிட்ட ஒருவனோடு இசை நாடகம் பார்க்கப் போய்க் கற்றுக்கொண்டவை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் இவற்றில் பாதிக்கு மேல் பயன்படக்கூடும்.

தம்பி எந்தப் பாட்டையும் அதன் நீளத்தைக் கொண்டுதான் நினைவில் வைத்திருப்பான். பாட்டின் பெயரைச் சொன்னால் "நாலு நிமிஷம் பன்னெண்டு" என்பான். சரிபார்த்தால் ஒரு நொடிகூடப் பிசகாது. சிறு வயதில் மிருதங்க வகுப்பில் மூன்றாண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால், காதில் விழும் எதற்கும் தொடையில் தாளம் போட்டுவிடுவான். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிர்ப் புளோக்கில் வீட்டைப் புதுப்பிக்கச் சுவரைத் துளைக்கும் சத்தத்துக்குக்கூட ஒரு தாளம் கண்டுபிடித்து வைத்திருந்தான். இப்படிப்பட்டவனுக்கு இசை நாடகம் பிடிக்காமல் போகாது என்று எண்ணி, ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய தயாரிப்புக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கினேன். எந்த அரங்கு, எந்த நாடகம் என்று சொல்லப்போவதில்லை. அன்று நடந்ததற்கு என்னுடைய அறியாமையும் பாதிக் காரணம்.

மேடைக்கு அருகில், ஓரமாக, மூன்றாவது வரிசை. விலை அதிகமான இருக்கைதான் நல்ல இருக்கை என்று நினைத்தேன். தொடக்கப் பாட்டில் முரசுகள் அதிர்ந்தன; இருக்கையின் கைப்பிடி நடுங்கியது; நான் பயந்துபோய் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவனோ வாய் கொள்ளாத சிரிப்போடு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு கைதட்டல் எழுந்தது.

அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, வயிற்றில் குத்து வாங்கியவனைப் போல முன்னால் குனிந்தான். தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. கைதட்டல் அடங்கிய பிறகும் அந்த ஒலி அடங்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் நாக்கைத் தட்டி எரிச்சலைக் காட்டினார். பணியாளர் ஒருவர் இருட்டில் வந்து, எங்கள் முகத்தில் கைவிளக்கை அடித்து, என்ன என்று கேட்டார். அந்த வெளிச்சம்தான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அவனைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிவந்தேன்.

வெளியே வந்த நான்காவது நிமிடம் அவன் தெளிந்துவிட்டான். "அக்கா, உள்ளே," என்றான். கதவருகே போனால், நடுவில் வெளியேறியவர்களை இடைவேளைவரை அனுமதிப்பதில்லை என்றார்கள். விதியை மீற அந்த இளைஞருக்கு அதிகாரம் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. ஐம்பது நிமிடங்கள் நினைவுப்பொருள் விற்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். உள்ளேயிருந்து பாட்டுகள் மங்கலாகக் கேட்க, அவன் ஒவ்வொன்றுக்கும் நீளம் சொல்லிக்கொண்டு, "அக்கா, உள்ளே" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவனால் நாடகத்தைத் தாங்க முடியவில்லை என்று அரங்கில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் அவனால் தாங்க முடியாமல் போனது ஏறத்தாழ நாற்பது நொடிகள் மட்டுமே.

அன்றிரவு ரயிலில் எனக்கு உறைத்த ஒரு விஷயம் பிறகு எல்லாவற்றுக்கும் திறவுகோலாக அமைந்தது. முரசு அவனைத் தொந்தரவு செய்யவில்லை, கைதட்டல்தான் செய்தது. முரசுக்குத் தாளம் உண்டு. அடுத்த அடி எங்கே விழும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். ஈராயிரம் பேரின் கைதட்டலுக்குத் தாளம் கிடையாது. எப்போது தொடங்கும், எவ்வளவு ஏறும், எப்போது நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதிலும் ஒரு கொடுமை இருந்தது. அந்த நாடகத்தின் இசைத்தொகுப்பை இரண்டு மாதங்கள் வீட்டில் போட்டுப்போட்டு அவனைப் பழக்கியிருந்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானதில் கைதட்டல் இருக்காதே! ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இரண்டு நொடி அமைதி, பிறகு அடுத்த பாட்டு என்றுதான் அவன் மனத்தில் பதிந்திருந்தது. நான் அவனை ஆயத்தப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு தவறான வரைபடத்தைக் கையில் கொடுத்திருக்கிறேன்.

இது அவனுடைய தனிப்பட்ட விசித்திரமும் அல்ல. ஒலி, ஒளி, தொடுகை, வாசம் போன்ற புலனுணர்வுகளுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு மதியிறுக்கத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்த்தது. ஆனால் எந்தப் புலன், எந்த நேரம், எந்த அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே "சத்தம் அதிகமாக இருக்குமா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் வீட்டு ஆளுக்கு எந்தச் சத்தம் ஆகாது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு நுழைவுச்சீட்டின் விலையில் தெரிந்தது.

நடந்ததை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. அம்மா பிறந்தது வந்தவாசிப் பக்கம். "எங்க ஊர்ல கூத்துன்னா பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டே பாப்போம். புள்ளைங்க தூங்கும், எந்திரிக்கும், அழும். எவனும் எதுவும் சொல்ல மாட்டான். இங்க ஆணி அடிச்ச மாதிரி உக்காரச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்?" என்றார். தெருக்கூத்தில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். பார்ப்பவர் வருவதும் போவதும் இயல்பு. அம்மா சொல்லாமல் விட்ட இன்னொன்று எனக்குப் பிறகு தோன்றியது. கூத்தில் எந்த வேடமும் திடீரென்று மேடையில் குதிப்பதில்லை. வரப்போவது யார் என்று கட்டியங்காரன் முதலில் சொல்வான். இருவர் திரையைப் பிடித்து நிற்க, வேடக்காரர் அதன் பின்னால் பாடி ஆடித் தன் வருகையை அறிவித்து, நம் ஆவலை ஏற்றி, பிறகுதான் முகம் காட்டுவார். எவ்வளவு பெரிய கூச்சலோடு வந்தாலும் சொல்லிவிட்டு வருகிறார். அடவு முறைகளைப் பற்றிப் பெரிய பெரிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. இந்த முன்னறிவிப்பைப் பற்றி யாரேனும் எழுதியிருந்தால் படிக்க ஆசை.

நவீன அரங்குகள் இதை வேறு பாதையில் கண்டடைந்திருக்கின்றன. நியூயார்க் பிராட்வேயில் 2011 அக்டோபர் 2-ஆம் தேதி, 'தி லயன் கிங்' இசை நாடகத்தின் ஒரு காட்சி மதியிறுக்கம் உள்ளவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் என்றே நடத்தப்பட்டது. அந்த வீதியில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. இத்தகைய இளக்கமான காட்சிகளில் கதையை மாற்ற மாட்டார்கள். திடுக்கிட வைக்கும் ஒலிகளைக் குறைப்பார்கள். கண்ணில் வெட்டும் விளக்குகளை எடுத்துவிடுவார்கள். பார்வையாளர் பகுதியை முழு இருட்டாக்க மாட்டார்கள். எழுந்து நடக்கலாம், வெளியே போய்த் திரும்பலாம். ஒதுங்கி இருக்க ஓர் அமைதி அறை இருக்கும். சிங்கப்பூரிலும் இப்படிப்பட்ட காட்சிகள் நடக்கின்றன. ஆனால் நான் தேடிப் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை சிறுவர் நாடகங்கள். என் தம்பிக்குப் பேசும் முயலின் கதை வேண்டாம். காதலும் துரோகமும் உள்ள கதைதான் வேண்டும், 27 வயதுக்காரர்கள் எல்லோரையும் போல. ஆகவே வழக்கமான காட்சிக்கே அவனை எப்படிக் கூட்டிப்போவது என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் கடிதம். நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அரங்கத்துக்கும் தயாரிப்பாளர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன். தொடக்கத்தில் "என் தம்பிக்கு மதியிறுக்கம் இருக்கிறது, உதவ முடியுமா?" என்று எழுதினேன், "உங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. இப்போது விடை சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாக எழுதுகிறேன். துப்பாக்கிச் சத்தம், வெடி, திடீர் இருட்டு ஆகியவை எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன? வெட்டி வெட்டி ஒளிரும் விளக்கு உண்டா, மேடையை நோக்கியா, பார்வையாளரை நோக்கியா? புகை அல்லது பனிமூட்டம் உண்டா? நடிகர்கள் நடைபாதை வழியாக வருவார்களா? நடுவில் வெளியே போனால் எப்போது, எந்தக் கதவு வழியாக மீண்டும் அனுமதிப்பீர்கள்? வெளியே நேரலைத் திரை இருக்கிறதா? இவ்வளவு குறிப்பாகக் கேட்டால், கடிதம் மேடை மேலாளரின் கைக்குப் போய்ச் சேருகிறது என்பது என் அனுபவம். மேடை மேலாளரின் ஏட்டில் ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு ஒலியும் வரிசை எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். அவர் நினைத்தால் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். ஒரு முறை, முழு நாடகத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். கட்டியங்காரனையே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தது போல இருந்தது.

வெட்டொளியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதியிறுக்கம் உள்ள சிலருக்கு வலிப்பு நோயும் இருக்கிறது. அவர்களுள் ஒளியால் தூண்டப்படுபவர்களுக்கு இது மாலைப்பொழுது இதமாகக் கழியுமா என்ற விஷயமல்ல, ஆபத்து. நொடிக்கு 3 முதல் 30 முறைவரை வெட்டும் ஒளியே பெரும்பாலும் வலிப்பைத் தூண்டுகிறது. அப்படி ஒளி எதிர்பாராமல் வந்துவிட்டால் கண்களை மூடிக்கொள்வது மட்டும் போதாது; இமையின் வழியாகவும் ஒளி நுழையும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். தம்பிக்கு வலிப்பு இல்லை. ஆனாலும் இந்தப் பழக்கத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, இருக்கை. மேடையின் இருபுறமும் தொங்கும் ஒலிபெருக்கி வரிசைக்கு நேர் எதிரேயும், தாழ்ந்த அதிர்வுகளைத் தரும் பெட்டிகளுக்கு அருகேயும்தான் நான் முதல் முறை பணத்தைக் கொட்டி உட்கார்ந்திருந்தேன். காதை மூடினாலும் அந்தத் தாழ்ந்த அதிர்வு நெஞ்செலும்பு வழியாக உள்ளே வரும். இப்போது கீழ்த்தளத்தின் பின்பகுதியில், மாடத்துக்கு அடியில், நடைபாதையை ஒட்டிய இருக்கை வாங்குகிறேன். மாடம் கூரைபோல் ஒலியைச் சற்று மட்டுப்படுத்துகிறது, பின்னால் ஆட்கள் குறைவு, கதவு அருகில். மேல் மாடங்கள் மலிவு. ஆனால் அங்கே படிகள் செங்குத்து, இருட்டில் அவசரமாக இறங்க முடியாது. நடைபாதை இருக்கைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. நான் குறிப்பிட்ட 'தி லயன் கிங்' நாடகத்தின் தொடக்கத்தில் விலங்கு வேடதாரிகள் பார்வையாளர் நடுவே நடைபாதை வழியாகத்தான் மேடைக்கு வருவார்கள். சிலருக்கு அது வாழ்நாள் மகிழ்ச்சி. எதிர்பாராமல் தோளை உரசிப் போகும் யானையை எல்லோராலும் வரவேற்க முடியாது. அப்படிப்பட்ட நாடகத்துக்கு நடைபாதையிலிருந்து மூன்றாவது இருக்கை போதும்.

முடிந்தால் சிறிய அரங்கிலிருந்து தொடங்குவது நல்லது. எஸ்பிளனேட் அரங்கில் ஏறத்தாழ 2,000 பேர் உட்காரலாம். விக்டோரியா அரங்கில் 614 இருக்கைகள். மூன்றில் ஒரு பங்குக் கூட்டத்தின் கைதட்டலை மூன்றில் ஒரு பங்கு வேதனை என்று கணக்குப் போட முடியாதுதான். இருந்தாலும் எங்கள் இரண்டாவது முயற்சி விக்டோரியா அரங்கில், உள்ளூர்த் தயாரிப்பு ஒன்றுக்கு, புதன்கிழமை இரவில் நடந்தது. வார நடுவில் கூட்டம் குறைவாக இருக்கும் என்ற கணக்கு பலித்தது. விலையைப் பொறுத்தவரை, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழங்கும் வளர்ச்சிக் குறைபாட்டுப் பதிவு அட்டை இருந்தால் பல நிகழ்ச்சிகளில் சலுகை உண்டா, உடன் வரும் பராமரிப்பாளருக்கும் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளூர்த் தயாரிப்பாக இருந்தால், 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2025-இல் கொடுக்கப்பட்ட 100 வெள்ளி கலாசார அனுமதித் தொகையும் 2028 இறுதிவரை கைகொடுக்கும்.

மூன்றாவதாகக் காது. ஒலி எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். இது சாதாரணக் காதின் பாதுகாப்புக்கான கணக்கு. தம்பியின் வேதனை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். கட்டுமானத் தளத்தில் போடுவது போன்ற காதுறை 20 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடும்; ஆனால் பாட்டையும் சேர்த்துக் கொன்றுவிடும். மெத்தென்ற நுரை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் தடுப்பதால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல ஆகும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. பாட்டு பாட்டாகவே கேட்கும். தம்பி அதை முழு நேரமும் அணிகிறான். காதுறை கழுத்தில் தொங்கும். கைதட்டலுக்கு மட்டும் மேலே ஏற்றிக்கொள்வான். எதை வாங்கினாலும் வீட்டில் குறைந்தது இரண்டு வாரமாவது அணிந்து பழக வேண்டும்; காதுக்குள் ஒன்று இருப்பதே சிலருக்குப் பெரிய தொந்தரவு.

கைதட்டலைப் பழக்கியது தனிக்கதை. நேரடி நிகழ்ச்சிகளின் பதிவுகளைத் தேடி எடுத்து, கைதட்டல் பகுதியை மட்டும் மெல்லிய ஒலியில் போட்டேன். முதல் நாள் அறையை விட்டுப் போனான். பிறகு எங்களோடு சேர்ந்து அவனையே தட்டச் சொன்னோம். நாமே எழுப்பும் சத்தம் நம்மை அவ்வளவாகத் திடுக்கிட வைப்பதில்லை அல்லவா? அம்மா, நான், அவன், மூவரும் வரவேற்பறையில் உட்கார்ந்து இல்லாத நடிகர்களுக்குக் கைதட்டினோம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒரு நாள் கதவைத் தட்டி, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

இருந்தாலும் "எப்போது" என்ற சிக்கல் தீரவில்லை. அதைத் தீர்த்தவன் அவன்தான். கச்சேரியில் தனித்து வாசிக்கும் பகுதியான தனியாவர்த்தனத்தை மிருதங்கம் முடிக்கும்போது ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்துத் தீர்மானம் வைப்பார்கள்; முடியப்போகிறது என்று சபைக்குத் தெரிந்துவிடும். இசை நாடகப் பாட்டுகளிலும் அப்படி ஒரு முத்தாய்ப்பு உண்டு. குரல் உச்சத்தில் நிற்கும், வாத்தியங்கள் ஏறும், கடைசியில் 'டம்' என்று ஒரே ஓர் அடி; அந்த அடி கைதட்டலை வரவழைப்பதற்காகவே எழுதப்படுவது. விக்டோரியா அரங்கில் மூன்றாவது பாட்டின்போது அவனைக் கவனித்தேன். பாடகி கடைசிச் சொல்லை நீட்டியபோதே அவன் வலது கை கழுத்துக்குப் போனது. அடி விழுவதற்கு அரை நொடி முன்பு காதுறை காதில் இருந்தது. கைதட்டல் எழுந்தது, அவன் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான், பதினெட்டில் காதுறையை இறக்கினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சில பாட்டுகள் முத்தாய்ப்பு இல்லாமல் வசனத்துக்குள் கரைந்துவிடும். அவற்றுக்கு அவன் கையைத் தூக்கவே இல்லை. அவனைவிட நன்றாக அன்று அந்த நாடகத்தின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டவர் அங்கே இருந்தார்களா என்பது சந்தேகம்.

காட்சி நடக்கும்போது ஏற்படும் தொல்லையைவிட இடைவேளைத் தொல்லை பெரிது என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. விளக்குகள் பளீரென்று எரியும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் பேசி, ஒரே கழிவறைக்குப் போவார்கள். அவன் ஆண்கள் கழிவறைக்குள் போனால் நான் கூடப் போக முடியாது. உள்ளே கை உலர்த்தும் இயந்திரங்கள் நான்கும் மாறி மாறி ஊளையிடும். எங்களைப் பொறுத்தவரை நகரத்திலேயே மிக மோசமான கருவி அதுதான். இப்போது சக்கர நாற்காலி போகக்கூடிய தனிக் கழிவறை எங்கே என்று முன்பே வரைபடத்தில் பார்த்துவைக்கிறேன். உடன் ஒருவர் போகலாம், இயந்திரமும் ஒன்றுதான் இருக்கும், அதைத் தொடாமல் என் கைக்குட்டையைக் கொடுத்துவிடலாம். உண்மையிலேயே சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தால் அவருக்கு வழிவிடுகிறோம். முதல் பாதியின் கடைசிப் பாட்டு முடிவதற்குச் சற்று முன்னரே எழுந்து போவது ஒரு வழி. எல்லோரும் போய் முடிக்கும்வரை இருக்கையிலேயே இருந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் போவது இன்னொரு வழி. தம்பிக்குப் பாட்டைப் பாதியில் விடுவது ஆகாது என்பதால் நாங்கள் இரண்டாவதைச் செய்கிறோம். எஸ்பிளனேட் என்றால் வெளியே நீர்முகப்பில் நின்று காற்று வாங்கிவிட்டும் வரலாம். ஆனால் குளிர்சாதனத்திலிருந்து புழுக்கத்துக்கும் புழுக்கத்திலிருந்து குளிருக்கும் மாறுவதே அவனுக்கு ஒரு வேலை. தலைமூடி வைத்த சாம்பல் நிறச் சட்டை ஒன்று இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை. குளிருக்கும் ஆகும், தலைமூடியை இழுத்துவிட்டால் பக்கவாட்டு வெளிச்சத்துக்கும் ஆகும்.

ஒரு முறை அம்மாவும் கூட வந்தார். அம்மா காதுக் கருவி அணிபவர். வசனம் சரியாகக் கேட்காமல், கைதட்டல் மட்டும் "காதுல ஆணி அடிச்ச மாதிரி" இருந்ததாகச் சொன்னார். தூண்டல் வளையம் பொருத்திய அரங்காக இருந்து, கருவியிலும் அதற்கான வசதி இருந்தால், மேடை ஒலிவாங்கியின் ஒலி நேராகக் காதுக்கு வந்துவிடும். சுற்றியிருக்கும் இரைச்சல் பெரிதும் விலகிவிடும். இதையும் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்க வேண்டும். அக்காவும் தம்பியும் என்று போன இடத்தில் தாயும் மகனும் ஒரே நேரத்தில் காதைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சூரியகாந்திப் பட்டையைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் அணியும் அந்தப் பட்டை 2016-இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. பணியாளர் கைவிளக்கை முகத்தில் அடிப்பதற்கு முன் யோசிப்பார். தம்பி மறுத்துவிட்டான். "வேண்டாம்" என்ற ஒரே சொல். அவன் கழுத்து, அவன் முடிவு. அதற்குப் பதிலாக, உள்ளே நுழையும்போது எங்கள் கதவுக்குப் பொறுப்பான பணியாளரிடம் போய், நாங்கள் எந்த இருக்கை, தேவைப்பட்டால் எழுந்து வருவோம், எங்களை நோக்கி விளக்கு அடிக்க வேண்டாம் என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல வேண்டுமா என்பதில் எனக்கே இரு மனம். முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றி அந்நியரிடம் விளக்கம் கொடுப்பது பிறகு கூச்சமாகப் பட்டது, இப்போது சொல்வதில்லை.

வீட்டிலிருந்து கிளம்புவதையும் நாடகத்தின் பகுதியாகவே எண்ணித் திட்டமிட வேண்டும். உட்லண்ட்ஸிலிருந்து வடக்கு-தெற்கு வழித்தடத்தில் நகர மண்டப நிலையம்வரை மாறாமல் போகலாம். வேறு வழிகளைவிட நேரம் கூடுதலாக ஆனாலும், ரயில் நிலத்துக்கு மேலே ஓடும் தூரம் அதிகம் என்பதால் அவன் அதைத்தான் விரும்புகிறான். வேலை முடிந்து வரும் கூட்டம் எதிர்த்திசையில் போவதும் வசதி. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், கூட்டம் சேருவதற்கு முன் அரங்க முகப்பில் ஒரு சுற்று நடந்து, கழிவறை, வெளிவாயில், ஒதுங்கி உட்கார ஓர் இடம் மூன்றையும் அவனுக்குக் காட்டிவிடுவேன். அவன் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு இருக்கும். பாட்டுப் பட்டியல், ஒவ்வொன்றின் நீளம், இடைவேளை 20 நிமிடம், அரங்கத்தார் அனுப்பிய வெடிச்சத்தங்களின் நேரம் எல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கும். இருட்டில் படிக்க முடியாது. ஆனால் பையில் இருப்பதைத் தொட்டுப்பார்த்துக்கொள்வான்.

நாடகத்தின் முடிவில் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கும் நேரம்தான் கடைசித் தடை. அது பாட்டின் முடிவில் வரும் கைதட்டல் அல்ல. அலை அலையாக ஏறும், ஒவ்வொரு நடிகருக்கும் மாறும், சீழ்க்கை பறக்கும், எல்லோரும் எழுந்து நின்றுகொள்வதால் மேடையும் தெரியாது. அதற்கு முத்தாய்ப்பும் கிடையாது. ஆகவே கடைசிப் பாட்டு முடிந்த கையோடு வெளியேறுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். நடிகர்களுக்கு அவமரியாதை ஆகுமோ என்று முதலில் உறுத்தியது. கூட்டத்துக்கு முன்பே ரயிலைப் பிடித்துவிடும் சௌகரியத்தில் அந்த உறுத்தல் நாளடைவில் கரைந்தது.

சென்ற முறை நான் எழுந்து கதவருகே போன பிறகுதான் அவன் வரவில்லை என்பதைக் கவனித்தேன். எல்லோரையும் போல எழுந்து நின்றிருந்தான், காதுறை காதில், தலைமூடி நெற்றிவரை. அவன் உயரத்துக்கு மேடை நன்றாகத் தெரிந்திருக்கும். கைதட்டவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கதவருகிலேயே நின்றேன். பணியாளர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், அவர் விளக்கை அணைத்துக்கொண்டார். கடைசி ஆள் மேடையை விட்டுப் போன பிறகு அவன் வந்தான். நகர மண்டப நிலையத்தில் கூட்டம் குறைவதற்காக இரண்டு ரயில்களை விட்டோம். பீஷானைத் தாண்டியதும் குறிப்பேட்டை எடுத்து, பாட்டுப் பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே எதையோ எழுதினான். எட்டிப் பார்த்தேன்.

"கைதட்டு – 2.40."